கோவளம் தூண்டில் படகு: முதல் நாள் கடலில் இறக்காமல் திருப்பி அனுப்பினார், அதனாலேயே மறுபடி போனேன்

மார்ச் முதல் ஞாயிறு, விடிகாலை ஐந்தேகால். பள்ளிக்கரணையிலிருந்து மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோவளம் போய்ச் சேர்ந்தபோது படகுக்கார அண்ணன் கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் வந்து, "இன்னிக்கு வாணாம் சார். நீங்க புதுசு, பாப்பா வேற இருக்குது. அட்வான்ஸத் திருப்பிப் போட்டுடறேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காற்று கொஞ்சமும் வீசவில்லை. தூரத்தில் கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடந்தது. மகள் முகம் வாடிவிட்டது. அவர் போனை எடுத்து ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிக்கையைக் காட்டினார். அலை உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. "ஒசரத்த மட்டும் பாக்காதீங்க. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எத்தினி செகண்டுன்னு பாருங்க." பதினான்கு என்று இருந்தது. இடைவெளி இவ்வளவு நீளமாக இருந்தால், எங்கேயோ தூரத்தில் அடித்த காற்று கிளப்பிவிட்ட அலை அது. ஆழத்தில் வரும்போது தெரியாது, தரை தட்டியதும்தான் எழும். பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு அலை வரிசையாக எழுந்து, மேட்டில் ஏற்றி வைத்திருந்த படகுகளின் மூக்கு வரை நனைத்துவிட்டுப் போனது. அதற்கு முந்தின பத்து நிமிஷமும் கணுக்கால் அளவு தண்ணீர்தான். அந்த நாலு அலைக்காகத்தான் அவர் காத்து நின்றிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. நாங்கள் வீடு திரும்பும் முன்பே பணம் வந்துவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன்பு வேறொரு ஊரில், வேறொருவரின் படகில் நண்பர்களோடு போனேன். ஒன்பது பேர். லைஃப் ஜாக்கெட் பலகைக்கு அடியில் மூட்டையாகக் கிடந்தது, நான் எடுத்ததில் ஜிப் இல்லை. மதியக் காற்றில் திரும்பும்போது படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் ஏறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு என் மகள் கூட இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இருபத்தெட்டு அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின், அண்ணனும் அவர் தம்பியும். விருந்தாளி நாலு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. நானும் மகளும் என் மச்சானும். ஜாக்கெட்டை நம் கையில் கொடுத்துவிட்டு நகரவில்லை. அவரே போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். என்னுடையது அசையவில்லை. மகளுடையது மூக்கு வரை ஏறிவிட்டது. "தண்ணில உழுந்தா இதுதான் நடக்கும். ஜாக்கெட் மேல போயிடும், புள்ள கீழ போயிடும்" என்று சொல்லி, கால் இடுக்கில் பட்டை மாட்டும் சின்ன அளவு ஒன்றைத் தேடி எடுத்தார். புதிதாகப் போகிறவர்கள் எந்தப் படகில் ஏறினாலும் இந்தச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள்.

அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் மொத்தப் பயணத்திலும் கடினமான ஒன்றரை நிமிஷம். எங்களைப் பலகை மேல் உட்காரவிடாமல் படகின் அடியில் உட்காரவைத்தார். விளிம்பைப் பிடிக்கக்கூடாது, குறுக்குப் பலகையைத்தான் பிடிக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பையன்கள் மூக்கைக் கடலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை அண்ணன் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் உடனே நின்றுவிடும். பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருந்து, "தள்ளு!" என்றதும் எஞ்சின் உறுமியது. முதல் அலை வந்தபோது வேகத்தைக் குறைத்து மூக்கால் வாங்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது உடைவதற்குள் தாண்டிவிட்டோம். மகள் என் கையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

கார்மேல் மாதா கோயிலையும் தமீம் அன்சாரி தர்காவையும் அடையாளம் வைத்துக் கோடு பிடித்து, கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு பாறைத் திட்டில் நங்கூரம் போட்டார். மூக்கில்தான் கட்டினார். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் எடையோடு சேர்ந்து அலை உள்ளே ஏறிவிடும். ஆழம் பதினெட்டு மீட்டர். கணவாய்த் துண்டு கோர்த்து அடிமட்டத்தில் விட்டதும் சங்கரா நாலு வந்தது, உள்ளங்கை அளவு. அவற்றைத் திரும்ப விடச் சொன்னார், விட்டோம். பிறகு அறுபது கிராம் ஜிக்கை (மீன் மாதிரி மின்னும் உலோகத் துண்டு) இறக்கி ஏற்றி, மச்சானுக்கு ஒன்றரைக் கிலோ பாறை மீன். எனக்கு ஒரு வஞ்சிரம் மாட்டியது. ரீல் கத்தியது, நான் பயத்தில் டிராக்கை, அதாவது ரீலின் பிரேக்கை, இறுக்கிவிட்டேன், அறுத்துக்கொண்டு போய்விட்டது. தூண்டில் நரம்பின் முனை கத்தரியால் வெட்டினமாதிரி இருந்தது. வஞ்சிரத்தின் பல்லுக்கு முனையில் ஒரு சாண் கம்பி வேண்டும். நரம்பு தாங்கும் எடையில் கால்வாசிக்கு மேல் டிராக் வைக்கவும் கூடாது. இரண்டையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், மீன் போன பிறகுதான் சொன்னார்.

மகளின் தூண்டிலில் வந்தது கெளுத்தி. அவள் கை நீட்டியதும் தம்பி ஒரு அதட்டல் போட்டார். முதுகிலும் இரு பக்கத்திலும் இருக்கும் முள் குத்தினால் விஷம் ஏறும், வலி தாங்காது. இடுக்கியால் பிடித்துக் கொக்கியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். படகில் ஒரு பிளாஸ்க் இருந்தது, டீ என்று நினைத்திருந்தேன். வெந்நீராம். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் முக்கி வைத்தால் வலி குறையும், அப்புறம் மருத்துவமனை. இப்படி ஒரு பிளாஸ்க்கை நான் வேறு எந்தப் படகிலும் பார்த்ததில்லை.

பத்தரைக்கு, மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே, நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும், அதற்குள் கரை ஏற வேண்டும் என்பதில் பேரம் கிடையாது. திரும்பும்போது ஒரு அலையின் முதுகிலேயே, அதைத் தாண்டாமல், பின்னால் வரும் அலையிடமும் மாட்டாமல் கொண்டுவந்து சேர்த்தார். இறங்கியதும் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். அடுத்த அலை படகைத் தூக்கி உங்கள் காலில் போடும்.

குறைகளும் உண்டு. கடலிலிருந்து உதவிக்கு அழைக்கும் விஎச்எஃப் ரேடியோ படகில் இல்லை, போன்தான். அந்தத் தூரத்தில் சிக்னல் இருந்தது. இன்னும் உள்ளே போவதானால் நான் ரேடியோ இல்லாமல் போகமாட்டேன். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் படகின் உட்பக்கம் பெயின்டில் எழுதி வைத்திருப்பது நல்லது, ஆனால் அது ரேடியோவுக்கு ஈடாகாது. இரண்டு தூண்டில் ராடுகளில் வளையம் விரிசல், நரம்பு உரசுகிறது. சொந்த ராடு இருந்தால் எடுத்துப் போங்கள். நிழல் துளியும் இல்லை. குழந்தை ஜாக்கெட் ஒன்றே ஒன்றுதான், இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாலரை மணி நேரத்துக்கு ஆறாயிரம், நாலு பேர் வரை. தூண்டில், இரை, ஐஸ் அதிலேயே அடக்கம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கடல் பெரும்பாலும் அமைதி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புதியவர்களை அவர் ஏற்றுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடை பெரிய விசைப்படகுகளுக்குத்தான், அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய இவர் ஃபைபர் படகு ஓடும். ஆனால் அந்த மாதங்களில் காற்று சீக்கிரமே கிளம்பிவிடுவதால் எட்டரைக்கே திரும்பிவிடுவாராம். போவதா இல்லையா என்பதைக் காலை நாலு மணிக்குத்தான் போனில் சொல்வார். நாங்கள் அடுத்த ஞாயிறுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மகள் இன்காய்ஸின் சமுத்ரா செயலியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, தினமும் ராத்திரி செகண்டுக் கணக்கை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.