நாலில் வைத்தால் மூச்சு முட்டும்: சீபேப்புடன் ஐந்து வருடம்

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் என் சீபேப் மெஷின் போன மாதம் சர்வீசுக்குப் போயிருந்தது. பதினோரு நாள். அதுவரைக்கும் சமாளிக்க டீலர் வேறொரு மெஷினைக் கொடுத்தனுப்பினார். முதல் ராத்திரி மாஸ்க்கை மாட்டி, பட்டனை அழுத்தி, கண்ணை மூடினேன். ஆறேழு மூச்சுதான் இழுத்திருப்பேன், நெஞ்சை அடைத்தது. எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டேன். வீட்டம்மா பதறிப்போய் லைட்டைப் போட்டு, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். வலி எல்லாம் இல்லை. மெஷின் காற்றழுத்தம் நாலில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து வருடம் கழித்தும் அதே நாலு!

திண்டுக்கல்லில் இருக்கும் என் சகலைக்குத் தூக்கப் பரிசோதனையில், மணிக்கு 33 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்திருக்கிறது. "சகல, நீங்க அஞ்சு வருசமா மாட்டிட்டுத் தூங்குறீங்க. வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். போனில் பேசினால் கோபத்தில் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன். ஒரே வார்த்தையில் முடியாது.

எனக்கு மதுரையில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. 2020 வாக்கில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். பில் எழுதும்போதே பேனா கோடு இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். ஒருநாள் கோரிப்பாளையம் சிக்னலில் காலை ஊன்றி நின்றவன் அப்படியே கண் அசந்துவிட்டேன். பச்சை விழுந்து, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கொடுத்த ஹாரனில்தான் முழித்தேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடமே போனேன். விரலில் கிளிப், நெஞ்சில் பெல்ட், மூக்கில் ஒரு சின்னக் குழாய் என்று மாட்டிவிட்டு வீட்டிலேயே தூங்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. முப்பதைத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அந்த நவம்பரில், அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின் வாங்கினேன். ரூ. 52,000. மாஸ்க் காசு தனி.

டீலர் கடைப் பையன் வந்தான். டேபிளில் வைத்தான், குழாயைச் சொருகினான், தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று காட்டினான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மெஷின் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்: கீழ் எல்லை நாலு, மேல் எல்லை இருபது. இது எனக்கு அப்போது தெரியாது.

இந்த நாலு எதன் கணக்கு என்றால், தண்ணீர் ஆழத்தின் கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை நாலு சென்டிமீட்டர் முக்கி ஊதினால் குமிழி வருமே, அந்த அளவு அழுத்தம். பத்து என்றால் பத்து சென்டிமீட்டர் ஆழம். என் பாஷையில் சொன்னால், டூவீலர் முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ அடிக்கிறோம். மெஷினில் பத்து என்பது ஒரு பிஎஸ்ஐயில் ஏழில் ஒரு பங்குதான். காற்று பலூன் மாதிரி நம்மை ஊதிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைக்க அவ்வளவு காற்றே போதும்.

எல்லாரும் காற்று அதிகமாகி மூச்சு முட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு முட்டியது காற்று குறைந்ததால். நாலில் ஓடும்போது நான் இழுக்கிற வேகத்துக்குக் காற்று வந்து சேரவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி. ஐட்லிங் குறைவாக வைத்த வண்டி சிக்னலில் நின்றால் என்ன ஆகும்? ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் ஆஃப். நான் மூச்சை முறுக்கிக்கொண்டே படுத்திருந்தேன். கொஞ்சம் கண் அசந்ததும் ஆஃப்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டோ மெஷின் என்றால் தானே ஏறி இறங்கும், உண்மை. ஆனால் தொண்டை அடைக்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் ஏறும். எனக்குத் தேவை பத்து. அது நாலிலிருந்து படி படியாக ஏறி வருவதற்குள் எனக்கு நாலைந்து தடவை மூச்சு நின்று முடிந்திருக்கும்.

டீலருக்குப் போன் போட்டேன். "பழகிடும் சார்." மறுபடி போட்டேன். "ஒரு மாசம் ஆகும் சார், பழகிடும்." இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவர்கள் தொழில் நடத்துகிறார்கள். ஷூ ஒரு சைஸ் சின்னது என்றால் பழகிடும் என்று சொல்லி எந்தக் கடைக்காரனாவது விற்பானா? மூன்று வாரம் போராடிவிட்டு மெஷினைத் துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். பொங்கல் வரைக்கும் அங்கேதான் இருந்தது. 52,000 ரூபாய் பீரோ மேல்.

பொங்கல் முடிந்து டாக்டரிடம் போனபோது, திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெஷினில் இருந்த மெமரி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் நாலுலயேவா இருக்கு?" என்றார். கோபம் என் மேல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் தூங்கிய கொஞ்ச நேரத்தில் மெஷின் பெரும்பாலும் பத்தரை வரை ஏறியிருக்கிறது. கீழே ஏழு, மேலே பதின்மூன்று என்று மாற்றினார். மெதுவாக ஏறும் ராம்ப்பை நிறுத்தினார். மூச்சை விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும் வசதியை இரண்டில் வைத்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

அன்றைக்கு ராத்திரி முதல் மூச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, காற்று வாசலில் வந்து நின்றது.

ஒரு விஷயம் மட்டும் நிஜமாகவே பழக வேண்டியிருந்தது, அது மூச்சை வெளியே விடுவது. சாதாரணமாக மூச்சு இழுப்பதுதான் வேலை, விடுவது ஓய்வு. மெஷினில் இது தலைகீழ். இழுப்பது சும்மா வருகிறது. விடும்போது எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி லேசாகத் தள்ள வேண்டும். தள்ளுகிறோம் என்று நினைத்து அவசரப்பட்டால் போச்சு, படபடப்பு வந்துவிடும். டாக்டர் சொன்ன வழி: படுக்கையில் பழகாதீர்கள், சாயங்காலம் டிவி பார்க்கும்போது உட்கார்ந்தபடி மாட்டுங்கள். நியூஸ் பார்த்தபடி மாட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் பாட்டுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாறு நாளில் மாஸ்க் இருப்பதையே மறந்து காபியை வாய்க்குக் கொண்டுபோனேன். பழகிவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன். சரியான அளவில் வைத்தால் ஒரு வாரம். நாலில் வைத்தால் ஏழு ஜென்மம்.

அடுத்து நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. குறட்டை நிற்கும், பகல் தூக்கம் போகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், நின்றது, போனது. ஆனால் ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்துகொண்டிருந்தேனே, அது நின்றது! சர்க்கரையாக இருக்கும், பிராஸ்டேட்டாக இருக்கும் என்று எத்தனை டெஸ்ட் எடுத்திருப்பேன். மூச்சு அடைபடும்போது இதயம் இழுபட்டு, உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து வெளியேற்றச் சொல்லி ஒரு ஹார்மோனை அனுப்புமாம். தொண்டை திறந்தால் அந்த ஆர்டர் கேன்சல். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்த முதல் நாள், கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்து செல்லை எடுத்துப் பார்த்தேன். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். மீசை இருந்தால் மூக்கை மூடும் மாஸ்க்கில் காற்று கசியும், எடுத்துவிடச் சொன்னார்கள். மாஸ்க்கை மாற்றினேன், மீசையை மாற்றவில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ மாஸ்க்குக்கு மீசை தடையில்லை. ஆனால் வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கு அது ஒத்துவராது. தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் சுண்ணாம்பு படியும். ஏசி ரூமில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து விடியற்காலையில் மூக்கில் தெளிக்கும். அதற்கு வீட்டம்மா பழைய ஸ்வெட்டர் கையில் ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும், தண்ணீர்ச் சூட்டை மட்டும் அணைத்துவிட வேண்டும். ரயிலில் நம்பாதீர்கள். தீ விபத்து பயத்தில் ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். சென்னை போகும் வழியில் திருச்சி தாண்டியதும் எனக்கு மெஷின் நின்றது. மிச்ச ராத்திரி அந்தப் பெட்டியில் யாருமே தூங்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது ரிப்பேர் கதை. இதில் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளையடிக்க ஆள் வந்தபோது தொட்டியில் தண்ணீரோடு மெஷினைத் தூக்கிச் சாய்த்து அடுத்த ரூமில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஙொய் என்று ஒரு சத்தம். முப்பது வருடமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேரிங் போகிறது. டீலரோ போர்டு போய்விட்டது என்றார். சண்டை போட்டேன். திறந்து பார்த்தால் தண்ணீர் மோட்டாரிலும் ஏறியிருந்தது, போர்டிலும் ஏறியிருந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி. ரூ. 14,800.

இந்த மெஷினின் ஆரம்பமே ஒரு வேக்குவம் கிளீனர் மோட்டார்தான், தெரியுமா? 1980ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் அதை உறிஞ்சாமல் ஊதும்படி வைத்து, மூக்கு மாஸ்க்கோடு இணைத்து ஒரு நோயாளியைத் தூங்க வைத்தார். அதற்கு முன்னால் இந்த வியாதி முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவார்கள். ஆரம்பத்தில் மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி சிலிக்கோன் பசை வைத்து முகத்தில் ஒட்டினார்களாம். மெக்கானிக் புத்தி உள்ள டாக்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இங்கே பெட்டியைப் பிரித்ததும் சர்வீஸ் முடிந்தது.

நாலு எதற்கு என்று டாக்டரிடமே கேட்டேன். அதற்குக் கீழே போனால் விட்ட மூச்சு மாஸ்க் துளை வழியாகச் சரியாக வெளியேறாது, அதனால் அது மெஷினின் கடைசிப் படி. சரி. அது மெஷினின் எல்லை, என் அளவு இல்லையே? டாக்டர் எனக்குக் கொடுத்த சீட்டில் ஏழு என்று எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டின் போட்டோவை டீலருக்கு அனுப்பியும் மாற்று மெஷின் நாலில் வந்தது. பதினோரு நாள் கழித்து என் மெஷின் திரும்பி வந்தது. சத்தம் இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தார்கள், ஃபில்டர் புதிது. ஆன் பண்ணினேன். நாலு. போர்டு மாற்றினால் எல்லாம் அழிந்துவிடுமாம். "ஏன் தம்பி, சீட்டைப் பார்த்து ஏழுனு வைக்க எவ்வளவு நேரமாகும்?" என்றேன், கொண்டுவந்த கடைப் பையனிடம். "பழகிடும்னு நெனச்சேன் சார்" என்றான்.

அழுத்தத்தை மாற்றும் உள் மெனுவுக்குள் எப்படிப் போவது என்று எனக்கு இப்போது தெரியும். இங்கே எழுத மாட்டேன். எனக்கு ஏழு, உங்களுக்கு ஆறாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம், அது டாக்டர் வேலை.

சகல, ஒரே வார்த்தை கேட்டீர்கள், மார்க்காகவே போடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. உயிரைக் காப்பாற்றிய மெஷினுக்கு இரண்டா என்று வீட்டம்மா கேட்கிறாள். இன்றைக்கு இரண்டுதான். இன்றைக்கு இருக்கும் மனநிலையில் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். அப்புறம், டீலர் கடைப் பையன் ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு வருவதாகச் சொன்னீர்களே, காலையில் முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன். டாக்டர் சீட்டை எடுத்து வையுங்கள். ஒருவேளை நான் வருவதற்குள் அவன் வந்துவிட்டால் காபி கொடுத்து உட்கார வையுங்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.