ஆழ்கடல் பவளப் பார்கள்: முழுத் தடையா, மடிக்குத் தடையா?

அமெரிக்காவின் கிழக்குக் கடலில் ஆழ்நீர்ப் பவளங்களைக் காக்க 2016-இல் இரண்டு வழிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தன. செப்டம்பர் 15 அன்று அதிபர் ஒபாமா, கேப் காட் முனைக்கு அப்பால் உள்ள மூன்று கடலடிப் பள்ளத்தாக்குகளையும் நான்கு கடலடி மலைகளையும் உள்ளடக்கிய 4,913 சதுர மைல் பரப்பைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, வணிக மீன்பிடிப்பை அங்கே முற்றிலும் விலக்கினார். செந்நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூண்டு வைப்போருக்கு மட்டும் ஏழு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்குத் தெற்கே, நடு அட்லாண்டிக் மீன்வள மேலாண்மைக் குழு வகுத்த விதி அதே ஆண்டு டிசம்பரில் இறுதியானது. வட கரோலினா எல்லை வரை 38,000 சதுர மைலுக்கு மேற்பட்ட கடலை அடக்கிய அந்த விதி, இழுவை மடி (படகு கடலடித் தரையோடு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) முதலான, தரையைத் தொடும் கருவிகளைத் தடுத்து, கூண்டு மீன்பிடிப்பில் மேற்சொன்ன இரண்டுக்கும் விலக்கு அளித்தது. நியூஜெர்சியில் குடியிருக்கும் நான், பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டபோது இரண்டாவது வழியை ஆதரித்து எழுதினேன். இன்றும் என் சாய்வு அதன் பக்கமே இருக்கிறது.

நம் கரையில் பார் என்றால் வெயில் படும் ஆழம் குறைந்த இடம் நினைவுக்கு வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. 2013-இல் ஒக்கியானோஸ் எக்ஸ்ப்ளோரர் ஆய்வுக் கப்பல் இப்பள்ளத்தாக்குகளுக்குள் இறக்கிய கருவியின் நேரலையை நான் பல மணி நேரம் பார்த்திருக்கிறேன். இருட்டில் விளக்கு பட்ட செங்குத்துச் சுவரிலிருந்து விசிறி போல் ஒரு பவளம் நீட்டிக்கொண்டிருக்க, நட்சத்திர மீனுக்கு உறவான ஓர் உயிர் தன் மெல்லிய கைகளை அதன் கிளைகளில் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது. அந்த அளவுக்கு வளர அதற்குத் தலைமுறைகள் பல ஆகியிருக்கும். ஹவாய் அருகே எடுக்கப்பட்ட ஆழ்கடல் கருப்புப் பவளம் ஒன்றின் வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு முறை மடி உரசிச் சென்றால் போனது போனதுதான்.

முழுத் தடையின் சிறப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் துரப்பணம், சுரங்கம் ஆகியவற்றையும் அது சேர்த்தே விலக்குகிறது. மீன்வளக் குழுவுக்கு மீன்பிடிப்பின் மீது மட்டுமே அதிகாரம் உண்டு என்பதால், அதன் விதியால் இதைச் செய்ய முடியாது. இந்த ஒரு குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பரப்பளவுகளை ஒப்பிடுவதில்தான் பயன் இல்லை. 38,000 சதுர மைலில் மிகப் பெரும் பகுதி, எந்தப் படகும் மடி இறக்காத பேராழம். உண்மையான சர்ச்சை முழுவதும், கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் மடி இழுக்கும் கண்டத்திட்டு விளிம்பும் பவளச் சுவரும் சந்திக்கும் பள்ளத்தாக்குத் தலைப்பில், அதாவது பள்ளத்தாக்கு தொடங்கும் மேல் முனையில், சில நூறு மீட்டர் ஆழத்தில், ஒரு மெல்லிய பட்டையில் நடக்கிறது.

ஆகவே அந்தப் பட்டையில் கோடு எங்கே போகிறது, அதை யார் மதிக்கிறார்கள் என்பதைத்தான் நான் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்டேன். முந்நூறு மீட்டர் ஆழத்தில் இழுக்கும் படகு, ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கம்பி விட்டிருக்கும். மடி படகுக்கு அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் பின்னால் வந்துகொண்டிருக்கும். செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி காட்டுவது படகு நிற்கும் இடத்தையே தவிர மடி கிடக்கும் இடத்தை அல்ல. அந்தக் கருவி மணிக்கு ஒரு முறை இடத்தை அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு இரண்டு பதிவுகளுக்கு இடையே ஐந்தரைக் கிலோமீட்டர் கடந்துவிடும்; குறுகிய பள்ளத்தாக்குத் தலைப்பு ஒன்றைக் கடந்து போக அது போதும். அதாவது, கரையிலிருந்து கண்காணித்து மட்டும் இந்தக் கோட்டைக் காப்பாற்ற முடியாது. சக்கரத்தைப் பிடித்திருப்பவர் அந்தக் கோட்டைத் தன்னுடையதாக நினைத்தால்தான் அது நிற்கும்.

இங்கேதான் நடு அட்லாண்டிக் விதி தனித்து நிற்கிறது. 2015 ஏப்ரலில் மேரிலாந்தில் மீன்பிடித் துறையினரும் ஆய்வாளர்களும் சூழல் அமைப்பினரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக எல்லைகளைப் பேசி வரைந்தார்கள். மடி எங்கே திரும்ப முடியும், எந்த ஆழத்துக்கு மேல் கம்பியை இழுத்தாக வேண்டும் என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். எந்தச் சுவரில் பவளம் இருக்கிறது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்த கோட்டுக்கும், அதிபரின் ஒரு பிரகடனம் வரைந்த கோட்டுக்கும் வேறுபாடு உண்டு. நினைவுச் சின்னம் 2016-இல் மூடப்பட்டது, 2020-இல் டிரம்ப் அதை வணிக மீன்பிடிப்புக்குத் திறந்தார், 2021-இல் பைடன் மீண்டும் மூடினார். ஒரே கையெழுத்தில் வருவது ஒரே கையெழுத்தில் போகும். அந்த ஐந்து ஆண்டுகளிலும் நடு அட்லாண்டிக் விதி நடைமுறையில் அப்படியே இருந்தது.

வெறும் வரைபடக் கோடு என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் ஓக்குலினா பார் சான்று. 1984-இலேயே அங்கே இழுவை மடி தடை செய்யப்பட்டது. ஆனாலும் சட்டத்துக்குப் புறம்பாக இறால் மடி இழுப்பது தொடர்ந்தது. இறால் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் பாரின் பெரும்பகுதி உடைந்த துண்டுகளாகக் கிடந்தது.

என் தேர்வில் எனக்கே உறுத்தும் இடம் கூண்டு விலக்கு. ஒரே கயிற்றில் பல கூண்டுகளைக் கட்டி இறக்கும்போதும், காற்று அடிக்கும் நாளில் அவற்றை மேலே இழுக்கும்போதும், கயிறு பவளத்தின்மேல் உரசாமல் இருக்காது. மடியோடு ஒப்பிட்டால் சேதம் மிகக் குறைவு என்று நான் நம்பினாலும், குளிர்காலத்தில் படகின் தளத்தில் நின்று அந்தக் கயிறு வருவதை நான் பார்த்ததில்லை. எனவே இந்த இடத்தில் என் உறுதி தளர்ந்துதான் இருக்கிறது. விதி மறு ஆய்வுக்கு வரும்போது மீண்டும் எழுதுவேன்: விலக்கு இருக்கட்டும், ஆனால் பவளம் உறுதியாகத் தெரிந்த செங்குத்துச் சுவர்களின் மேல் கயிறு விழாதபடி, கூண்டுகளுக்கும் தனியாக ஒரு கோடு வரைய வேண்டும், அதையும் கூண்டு இறக்குவோரை உட்கார வைத்தே வரைய வேண்டும்.