பாண்டியில் வாங்கிய ‘கனடா பொறி’: ஆறுக்கு 5,100 ரூபாய் அழுதேன், நீங்கள் அழ வேண்டாம்

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதே பெருச்சாளிப் பொறியை அதே வாய்ச்சவடாலோடு வேறு கடைகளிலும் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன். மீன் குட்டை, இறால் குட்டை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குப் பரங்கிப்பேட்டை பக்கம் அறுபது சென்ட்டில் ஒரு மீன் குட்டை. வெள்ளாற்று முகத்துவாரம் கிட்ட என்பதால் தண்ணீரில் எப்போதும் லேசாக உப்பு இருக்கும். போன வருடம் கரையில் பெருச்சாளி வளை வைத்துவிட்டது. பெருச்சாளி நன்றாக நீந்தும், தண்ணீர் மட்டத்தை ஒட்டியே வளை தோண்டும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் குட்டை நிரம்பியதும் அந்த வளை வழியாகத் தண்ணீர் வெளியேறி, ஒரு ராத்திரியில் கரை இரண்டடி உள்வாங்கிவிட்டது. மீன் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கவே மனசு வரவில்லை.

அதனால் இந்த ஆவணியிலேயே ஏதாவது செய்துவிடலாம் என்று பாண்டி போனேன். கடைக்காரர் எடுத்துக் காட்டியது இரண்டு சதுரக் கம்பிச் சட்டம், பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், நடுவில் விசைக்கம்பி. “ஒரிஜினல் கனடா சார், 110 நம்பர், முழுக்க எவர்சில்வர், தண்ணிக்குள்ளயே வைக்கலாம்” என்றார். ஒன்று 850.

இந்த வகைப் பொறி பொய்யில்லை. பிராங்க் கானிபியர் என்ற கனடாக்காரர், அவரே காட்டில் பொறி வைத்துப் பிழைத்தவர், விலங்கு காலில் மாட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் உருவாக்கியது. 1950களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. சட்டத்துக்குள் தலை நுழைந்ததும் இரண்டு சட்டமும் சுழன்று கழுத்தையும் நெஞ்சையும் சேர்த்து அடிக்க வேண்டும், அடித்த கையோடு கதை முடிய வேண்டும். 110 என்பது நாலரை அங்குலச் சதுரம். அங்கே மஸ்க்ராட் என்று கிட்டத்தட்ட நம் பெருச்சாளி அளவில் ஒரு நீர்ப்பிராணி இருக்கிறது, அதற்குத்தான் தண்ணீர் ஓரத்தில் இதை வைப்பார்கள். ஆக, யோசனை சரி. கையில் கொடுத்த சாமான்தான் தப்பு.

முதல் மூன்று நாள் ஒன்றுமே விழவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை மோதியதற்கே ஒரு பொறி அடித்துக் கிடக்கும், பக்கத்துப் பொறி விரலால் தள்ளினாலும் அசையாமல் இருக்கும். ஒரே பெட்டியில் வந்த பொறிகள்! நாலாம் நாள் ஒரு பெருச்சாளி மாட்டியது, இடுப்பில். உயிரோடு. ராத்திரி எப்போது மாட்டியதோ தெரியாது, பொறியோடு சேறு முழுக்க இழுத்து உழுது வைத்திருந்தது. தடியை எடுத்து நானேதான் முடித்தேன், அன்று காலை சாப்பிடவில்லை. 1997ல் போட்ட சர்வதேச ஒப்பந்தத்தில், இந்த மாதிரிக் கொல்லும் பொறிக்குப் பொதுவாக 300 விநாடி என்று எல்லை வைத்திருக்கிறார்கள், அதற்குள் பிராணி நினைவிழக்க வேண்டும். என் குட்டையில் ஒரு ராத்திரியே போயிருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து ஆறையும் சோதித்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

பொறியை மூடிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டு விரல் தாராளமாகப் போகிறது. ஒன்றில் சட்டமே கோணல், ஒரு மூலை சேர்ந்தால் மறு மூலை திறந்திருக்கிறது. முள்ளங்கியைக் குறுக்கே நீட்டி அடிக்கவிட்டேன். நல்ல பொறி என்றால் முள்ளங்கி பிளக்க வேண்டும், குறைந்தது ஆழமாகப் பதிய வேண்டும். இது பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதே முள்ளங்கி மத்தியானம் சாம்பாருக்குப் போனது.

ஸ்பிரிங்தான் பெரிய மோசடி. மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி, சட்டம் பிரிய எத்தனை கிலோ இழுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பொறி ஆறு கிலோவுக்குப் பிரிந்தது. அதையே விசை வைத்தபடி இரண்டு ராத்திரி திண்ணையில் விட்டுவிட்டு இழுத்தால் நாலு கிலோகூட வரவில்லை. ஸ்பிரிங் எஃகு இரண்டு ராத்திரியில் இப்படித் தளராது. அரத்தை வைத்து உரசினால் வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வருகிறது, சாதாரண இரும்புக் கம்பியை வளைத்து ஸ்பிரிங் என்று மாட்டியிருக்கிறார்கள். எவர்சில்வர் என்ற கதை ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது, உப்புத்தண்ணீரில் மேல்பூச்சு போய்ச் சிவப்புத் துரு. (காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று சொல்வார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள், காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் உண்டு. உப்புத்தண்ணீரில் ஊறப்போடுங்கள், தெரிந்துவிடும்.)

கடைக்குத் திரும்பப் போனேன். “யூஸ் பண்ணிட்டீங்களே சார், எப்படி எடுக்கிறது?” என்றார். பிறகு அவரே, “ஒரு கிட் இருக்கு, மாட்டினா சூப்பரா அடிக்கும்” என்று பொறிக்கு 300 ரூபாய் சொல்லி இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். பொறியில் ஏமாந்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் கிட்டையும் இரண்டு வாங்கினேன் பாருங்கள், அதற்கு என்னை எதால் அடிப்பது. உள்ளே இருந்தவை இரண்டு கம்பித் துண்டு, ஒரு சாதாரண கொக்கி.

சரி, போட்ட காசுக்கு நாமே திருத்திப் பார்ப்போம் என்று கடலூர் முதுநகரில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். சட்டத்தின் உள்பக்கம் ஒரு கம்பியை வெல்டு வைத்து இடைவெளியை அடைத்தார். விசை மாட்டும் வெட்டை நைஸ் அரத்தால் சீவியதும் ஆறும் ஒரே மாதிரி இலேசாக விட ஆரம்பித்தன. விசைக்கம்பியை நான் கீழ்நோக்கி விரித்து வளைத்தேன், பிராணி பக்கவாட்டில் உரசும்போது விழாமல் தலையை நடுவில் விட்டால்தான் விழும். சங்கிலி ஒரு சாண்கூட இல்லை, வளையம் வாய் பிளந்த வளையம். ஏற்கெனவே ஒரு பெருச்சாளி பொறியோடு வளைக்குள் போகப் பார்த்தது. அந்தச் சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் வளையம் வைத்து, கட்டுக்கம்பியால் சவுக்குக் கழியில் கட்டினேன். இவ்வளவும் நன்றாகவே வந்தது. ஸ்பிரிங் விஷயத்தில் பட்டறைக்காரர் கையை விரித்தார். “சூடு ஏத்தி எண்ணெயில போட்டா முறுக்கு ஏறும்னு சொல்வாங்க, அதுக்கு இரும்புல கரி இருக்கணும்ண்ணே, இதுல இல்ல” என்றார். ஸ்பிரிங் செத்த பொறிக்கு மற்றது எல்லாம் அலங்காரம்.

ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் பால் ஆமை ஒன்று பொறிக்குள் பாதி நுழைந்து நின்றது. திருத்தாத பொறி, விசை இறுகிப்போய் விடவேயில்லை. அந்தத் தரக்கேட்டுக்கு மட்டும் கடைக்காரருக்கு நன்றி.

ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் அவர் இன்னொன்றும் சொன்னார். குட்டையில் நீர்நாய் வருமா என்று கேட்டுவிட்டு, “அதுக்கும் இதே பொறிதான், பெரிய சைஸ் வாங்கிக்கங்க, துப்பாக்கியா வைக்கிறீங்க, ஒண்ணும் ஆகாது” என்றார். ஆகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். நீர்நாய் முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. அவர் பேச்சைக் கேட்டு வைத்திருந்தால் அவர் வந்து ஜாமீன் எடுப்பாரா? இந்தப் பொறிக்கு எது பெருச்சாளி, எது ஆமை என்று தெரியாது. நீர்நாய் எச்சம் (மீன் செதிலாக இருக்கும், பார்த்தாலே தெரியும்) கிடக்கிற கரையில் நல்ல பொறியைக்கூட வைக்காதீர்கள்.

கடைசியில் கரையைக் காப்பாற்றியது கிட்டிதான். நம் தஞ்சாவூர்க் கிட்டி, மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு போட்டு, நெல்லோ பொரியோ வைத்துச் சாயங்காலம் ஊன்றுவது. பக்கத்து ஊரிலிருந்து கிட்டி வைக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். என் கனடா பொறியை வாங்கி, இரண்டு முறை அடிக்கவிட்டுப் பார்த்துவிட்டு, “மூங்கிலே இதவிட நல்லா அடிக்கும் தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். வரப்பெலியெல்லாம் அவர் கிட்டியில் கழுத்தோடு நின்றது. பெருத்த பெருச்சாளிக்குக் கிட்டி போதாது என்று அவரே சொல்லி, வளையை வெட்டிப் பிடித்தார், வெட்டிய இடத்தில் களிமண் போட்டு மிதித்து மூடினோம். அவர் கூலியும் கிட்டியும் சேர்த்து, நான் பாண்டியில் விட்டதில் பாதிகூட ஆகவில்லை.

பில் விஷயத்தில் தப்பு என்மேல். கடைக்காரர் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘பொறி 6’ என்று மட்டும் எழுதியிருந்தது. நல்லவேளை ஜிபேயில் பணம் போட்டிருந்தேன், வாட்ஸப்பில் அவர் அனுப்பிய ‘எவர்சில்வர் ஒரிஜினல்’ மெசேஜும் அழியாமல் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் பதிந்தேன். கடலூர்க்காரன் பாண்டிக்கு அலைந்து வழக்கு நடத்துவானா என்று அவர் நினைத்திருக்கலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், ஐந்து லட்சத்துக்குள் கட்டணமும் இல்லை. போட்டாயிற்று.

ஆறு பொறியில் நாலின் ஸ்பிரிங்கை வெட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன், முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள். மீதி இரண்டும், பிரிக்காத ஒரு கிட்டும், ஆணையத்தில் காட்டுவதற்காகப் பரணில் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.