280 ரூபாய் அலாரம் கடிகாரம்: ஏழு மாதம் வைத்திருந்து எழுதுகிறேன்

சென்னை பர்மா பஜாரில் வாங்கியது. கடைக்காரர் 350 சொன்னார், பேசிப் பேசி 280க்கு வந்தார். தலையில் இரண்டு மணி, நடுவில் சின்னச் சுத்தியல், பின்பக்கம் ஒரு பென்சில் பேட்டரி. கம்பெனி பேர் எதுவும் இல்லை. பக்கத்திலேயே சேவல் படம் போட்டது ஒன்று இருபது ரூபாய் குறைவாக இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன், காரணம் அப்புறம் சொல்கிறேன்.

முதலில் குறைகள். கடையில் போட்டுக் கொடுத்த பேட்டரி 19 நாள்தான் வந்தது. ராத்திரியில் டிக் டிக் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். அலாரம் முள்ளை ஆறரைக்கு வைத்தால் ஆறு இருபத்தைந்துக்கும் அடிக்கும், ஆறு நாற்பதுக்கும் அடிக்கும். முள் கடிகாரத்துக்குக் காலை எது, மாலை எது என்று தெரியாது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்தே தீரும். விடியற்காலை நாலரைக்கு வைத்துவிட்டு மறந்தால் சாயங்காலம் நாலரைக்குப் பட்டறையில் பை அலறும். ஒருநாள் அலறியது. லேத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செல்போனிலேயே அலாரம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் என் கதை சொல்ல வேண்டும்.

எனக்கு வீடு தண்டையார்பேட்டை, வேலை திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில். இருபது வருடம் குடித்தவன். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, எங்கள் சபையில் மூன்று தடவை "எனக்கு விடுதலை கிடைத்தது" என்று சாட்சி சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் அடுத்த மாதமே மறுபடி குடியில் விழுந்திருக்கிறேன். நாலாவது தடவை மைக் பக்கமே போகவில்லை. ஜெபத்தில் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தரையில் விழுந்து அழுவேன். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினால், குடிக்கிற இடம் இருக்கிற டோல்கேட் ஸ்டாப்பில் கால் தானாக இறங்கிவிடும்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார், துறைமுகத்தில் முப்பது வருடம் நைட் வாட்ச்மேனாக இருந்தவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, "தம்பி, நீ விழுற நேரம் எத்தனை மணி?" என்று கேட்டார். முழித்தேன். "திருடன் எந்தச் சுவர் ஏறி வருவான்னு பார்க்காம நானும் கண்ணை மூடி ஜெபமே பண்ணிட்டிருந்தா, குடோன்ல ஒரு மூட்டை மிஞ்சியிருக்குமா?" என்றார். பைபிளில் நெகேமியா புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டுகிறவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலுக்கு ஜாமக்காரரையும் வைத்தார்கள், நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களிடம் சொன்னதும் "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்றுதான். நாற்பது தடவையாவது பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். "ஜெபம்பண்ணுங்கள்" மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நாலு வாரம் எழுதினேன். ஆசை எப்போது வந்தது, அன்றைக்கு என்ன நடந்தது, அவ்வளவுதான். சனிக்கிழமை ஆறு நாற்பதிலிருந்து ஏழே கால் வரை என்பது நான் எதிர்பார்த்ததுதான். மற்றது எதிர்பார்க்கவில்லை. மதியம் சாப்பிடாமல் வேலை பார்த்த நாளெல்லாம் அதில் இருந்தது. வீட்டில் சண்டை போட்ட நாளைவிட மறுநாள்தான் மோசம். இருபது வருடம் பிசாசின்மேல் பழி போட்டேன், பாதிப் பழி அந்தச் சாப்பிடாத வயிற்றுக்குச் சேர வேண்டியது.

அதற்கப்புறம்தான் கடிகாரம். செல்போனில் அலாரம் வைத்துப் பார்த்தாயிற்று. அதை அணைக்கக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப், அப்புறம் ஏதோ வீடியோ, ஜெப நேரம் அதிலேயே போய்விடும். இந்தக் கடிகாரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. காலை நாலரைக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு இருபதுக்கு ஒன்று. அலாரம் முள் ஒன்றே ஒன்றுதான் என்பதால் தினமும் இரண்டு முறை கையால் திருப்ப வேண்டும். குறை என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த முள்ளைத் திருப்பும்போதே "இன்றைக்கு எந்தச் சுவர்?" என்று மனது கேட்டுக்கொள்கிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு முள்ளைத் திருப்புகிறேன், அதனால் சாப்பிடாமல் இருக்கவும் முடிவதில்லை.

ஆறு இருபதுக்கு மணி அடித்ததும் கையில் கிரீஸோடு அப்படியே நின்று ஜெபிப்பேன். கண்ணை மூடுவதில்லை. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற வரியோடு முடித்துக்கொள்வேன், இரண்டு நிமிடம்கூட ஆகாது. கூலியை முதலாளி இப்போது என் மனைவி கணக்குக்கே அனுப்பிவிடுகிறார். ஷேர் ஆட்டோவையும் விட்டுவிட்டேன். 2021இல் இந்தப் பக்கம் மெட்ரோ வந்தது, திருவொற்றியூரில் ஏறினால் தண்டையார்பேட்டையில்தான் இறங்குவது. டோல்கேட்டில் கதவு திறக்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஸ்டேஷன் சோதனையில் ஒருநாள் பையைத் திறக்கச் சொன்னார்கள். டிக் டிக் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? எடுத்துக் காட்டினேன். "இந்தக் காலத்துல இதையா சார் தூக்கிட்டுப் போறீங்க?" என்று சோதனை பண்ணினவர் சிரித்து அனுப்பினார்.

சேவல் விஷயம். இயேசுவின் சீஷர் பேதுருவுக்குச் சேவல் கூவியது, இயேசுவைத் தெரியாது என்று மூன்றாம் தடவை மறுதலித்த பிறகு. கேட்டதும் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அப்படி விழுந்தபிறகு அழுகிற அழுகை எனக்கு நன்றாகவே பழக்கம். எனக்கு முன்கூட்டியே அடிக்கிற மணி வேண்டும், அதனால்தான் ஆறு நாற்பதுக்கு இருபது நிமிடம் முன்னால் வைத்திருக்கிறேன்.

ஏழு மாதத்தில் ஒருமுறை விழுந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மணி சரியாகத்தான் அடித்தது. அமுக்கி அணைத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அதற்குக் கடிகாரத்தின்மேல் மார்க் குறைக்க முடியாது. மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். திட்டவில்லை, "நோட்டுல எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். ஒன்று பேட்டரிக்காகவும் முள் தள்ளி அடிப்பதற்காகவும் குறைத்தேன், அரை டிக் டிக் சத்தத்துக்கு. வாங்குகிறவர்கள் கடையிலேயே மணியை அடிக்கவிட்டுப் பாருங்கள், சிலதில் சுத்தியல் ஒரு பக்க மணியில் மட்டும்தான் படுகிறது. பேட்டரியைத் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டின வீடு, முதல் வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் தட்டித் திட்டினார்கள். போன மாதம் பேட்டரி தீர்ந்து ஒருநாள் மணி அடிக்கவில்லை. அன்றைக்கும் வந்து தட்டினார்கள். "ஏம்பா, இன்னைக்கு ஏன் அடிக்கல? அதை வச்சுத்தானே நான் தண்ணி பிடிக்க எழுந்திருக்கேன்!"