உழுவதா, நீரை விடுவதா? கொலராடோ படுகையில் இரு பழங்குடிப் பண்ணைகளின் வரவு செலவு

பழங்குடி அரசுக்குச் சொந்தமான பாசனப் பண்ணை லாபத்தில் நடக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விளைச்சலையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகையிலோ, அவ்விரண்டையும்விடத் தண்ணீர் எந்த உரிமையின்பேரில் வருகிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், தொவாக் ஊரை அடுத்து, யூட் மவுண்டன் யூட் பழங்குடியினர் சுமார் 7,700 ஏக்கரில் தாங்களே பயிர் செய்கிறார்கள். குதிரை மசால் என்ற தீவனப் பயிர், மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சுழல் தெளிப்பான்கள் நீர் பாய்ச்சுகின்றன. இப்படுகையில் உரிமை எவ்வளவு பழையதோ அவ்வளவு முன்னதாக நீர் கிடைக்கும். 1988-இல் சட்டமான நீருரிமை உடன்படிக்கையில், 1868-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் தங்கள் முன்னுரிமையை வலியுறுத்தாமல் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அருகிலுள்ள மெக்ஃபி அணையிலிருந்து வரும் பாசனத் திட்ட நீரை ஏற்றுக்கொண்டனர். அணை வற்றினால் மற்ற உழவர்களோடு பற்றாக்குறையையும் பங்கிட்டாக வேண்டும் என்பதால், 2021-இல் அவர்களுக்குக் கிடைத்தது ஒதுக்கீட்டில் ஏறத்தாழப் பத்து சதவீதமே. பணியாளர்களில் சுமார் பாதிப் பேரை அனுப்ப நேர்ந்தது. வராத நீருக்கும் கால்வாய்ப் பராமரிப்புக் கட்டணம் நின்றபாடில்லை. குதிரை மசால் பல ஆண்டு நிற்கும் பயிர் என்பதால், அது பட்டுப்போனால் அந்தப் பருவத்து வருமானத்தோடு மறுவிதைப்புச் செலவும் நட்டத்தில் சேரும்.

அரிசோனாவின் பார்க்கர் பகுதியில் நிலைமை நேரெதிர். மொஹாவே, செமெவேவி, ஹோப்பி, நவஹோ மக்கள் சேர்ந்த கொலராடோ ஆற்றுப் பழங்குடிகளுக்கு ஆண்டுக்கு 7,19,248 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி) நீர் எடுக்கும் உரிமை உண்டு. அதன் முன்னுரிமை 1865 முதலானது என்பதால், ஆறு இளைத்தாலும் முதலில் வெட்டுப்படுவது அவர்கள் பங்கல்ல. சொந்தப் பண்ணை இருந்தும் நிலத்தில் பெரும்பகுதி குத்தகையில் இருக்கிறது. 2020 முதல் மூன்றாண்டுகளில் சில வயல்களைத் தரிசாக விட்டு 1,50,000 ஏக்கர்-அடி நீரைக் கொலராடோ ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியில் நிறுத்தியதற்கு மாநில அரசு மூன்று கோடி டாலர் தந்தது, அதாவது ஏக்கர்-அடிக்கு 200 டாலர். இதேபோல் நீரை விட்டுக்கொடுத்ததற்கு, அரிசோனாவின் இன்னொரு பழங்குடியான கீலா ஆற்றுப் பழங்குடிச் சமூகம் 2023-இல் ஒன்றிய அரசிடம் பெற்ற விலை ஏக்கர்-அடிக்கு 400 டாலர்.

விதையோ டீசலோ கேட்காத இந்த வருமானம், லாபநட்டக் கணக்கில் உழவைவிட அழகாகத் தெரியும். ஆனால் தரிசு நிலம் ஓட்டுநருக்கும் பம்பு பழுதுபார்ப்பவருக்கும் கூலி தருவதில்லை. பழங்குடி அரசே உரிமையாளராக இருக்கையில், உறுப்பினருக்குப் போகும் சம்பளத்தை வெறும் செலவாக எழுதுவது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிப் பார்த்தால் யூட் பண்ணையின் சுமாரான ஆண்டுகூட மதிப்புள்ளதே. இருந்தும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி பார்க்கருக்கே உண்டு. தன் நீரைப் பழங்குடி நிலத்துக்கு வெளியே குத்தகைக்கு விடவும் 2023 ஜனவரியில் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது. வறண்ட ஆண்டில்தான் நீருக்கு நல்ல விலை. அந்த ஆண்டில் தொவாக்கின் கையில் விற்க நீரே இருக்காது.

எனவே தொவாக்குக்குத் திறந்திருக்கும் வழி, கிடைக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் கூடுதல் வருவாய் எடுப்பதே. தங்கள் மக்காச்சோளத்தைத் தாங்களே அரைத்து ‘போ அண்ட் ஆரோ’ என்ற பெயரில் விற்கும் ஆலையை அவர்கள் வைத்திருப்பதும், 2021-இன் நெருக்கடியிலும் அதை மூடாமல் நடத்தியதும் அந்த வகையில் சரியான முடிவுகள்.