ஒரே பெட்டியில் கிழக்கும் மேற்கும்: கேலிகிராஃபி செட் எப்படி?

கிழக்கு, மேற்கு இரண்டு மரபுகளையும் பழகலாம் என்று சொல்லி விற்கிற கேலிகிராஃபி செட் ஒன்றை வாங்கினேன். ஒரு தட்டில் தூரிகை, மைக்கட்டி, உரசும் கல், ஷுவான் என்ற சீனத் தாள். இன்னொரு தட்டில் மரக் கைப்பிடி, பட்டை நிப்புகள், ஒரு புட்டி மை. முதல் தட்டுக்காக மட்டுமே வாங்கலாம் என்பேன்.

மைக்கட்டி என்பது புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்து இறுக்கியது. கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உரசி உரசித்தான் மை எடுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் கறுப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பது நம் கையில். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் கோடு பருக்கிறது. லேசாகத் தூக்கினால் மயிரிழையாகிறது. நடுவில் தயங்கினால் போச்சு, ஷுவான் தாள் அந்த இடத்தில் மையை உறிஞ்சிப் பரவவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சிக்குத் தந்திருப்பது 'யோங்' என்ற சீன எழுத்து. எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒன்றிலேயே இருப்பதால் நல்ல தேர்வு.

பட்டை நிப்பில் அழுத்தத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. நிப்பின் அகலமும் பிடிக்கிற கோணமும்தான் தடிமனை முடிவு செய்கின்றன. ராம்சி சால்ட்டர் என்ற 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் உருவாக்கிய பாணியில் கோணம் சுமார் 30 பாகை, சிறிய எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல 4 மடங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் முதல் பக்கமே பார்க்கிற மாதிரி வந்துவிடும். தமிழ் எழுதினால்தான் தகராறு. 'ழ', 'ஞ' எழுதும்போது கீழிருந்து மேலே தள்ளுகிற இடத்தில் நிப் தாளில் சிக்கி மை தெறிக்கிறது. கையை எடுத்து, கோட்டைப் பிரித்து எழுதினால் சரியாகிறது.

புட்டி மை சுத்த மோசம், தண்ணியாக ஓடுகிறது. குவாஷ் என்ற அடர் நீர்வண்ணத்தைக் கரைத்துத் தொட்ட பிறகே விளிம்பு கூர்மையாக வந்தது.

கையேட்டிலும் ஒரு குறை. கிழக்கு என்றால் தூரிகை என்று முடித்துவிட்டார்கள். அரபு எழுத்துக்கலையில் சாய்வாக வெட்டிய நாணல் பேனாதான் கருவி. அந்தப் பேனா பதிக்கிற சாய்சதுரப் புள்ளியை வைத்தே எழுத்துகளை அளக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா வகுத்த முறை என்பார்கள். ஜான்ஸ்டனின் நிப் அகலக் கணக்குக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்த உறவு அது. ஒரு நாணல் பேனாவைச் சேர்த்திருந்தால் மூன்றையும் ஒப்பிட்டிருக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு மையில் தோய்த்தெடுங்கள், இல்லையென்றால் மை நிற்காது.