பல்லாங்குழியும் கோலப்பொடியும் அடங்கிய விளையாட்டுப் பெட்டி

நான்கரை வயது மகளுக்காக, மரபு விளையாட்டுகளைக் கொண்டு கைவிரல்களைப் பழக்குவதாகச் சொல்லி விற்கப்படும் ஒரு பெட்டியைக் கண்காட்சி ஒன்றில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். மரப் பல்லாங்குழி, கோலப்பொடி, பதப்படுத்திய பனையோலை ஆகியவை அதில் இருந்தன.

கொடுத்த பணத்துக்குப் பல்லாங்குழி மட்டுமே போதும். பதினான்கு குழிகளும் சிறு விரல்கள் தடையின்றி நுழையும் அகலத்தில் வழவழப்பாகக் கடையப்பட்டுள்ளன. குழிக்கு ஐந்து காய் என்று நிரப்பி ஆடத் தொடங்கியபோது, அள்ளிய காய்களை ஒவ்வொன்றாக விடத் தெரியாமல் மகள் மொத்தமாகக் கொட்டினாள். பிறகு இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையால் எடுத்துப் போட்டாள். மூன்றாவது வாரத்தில், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக் காய்களைப் பிடித்திருக்க, கட்டைவிரல் ஒரே ஒரு காயை ஆள்காட்டி விரல் நுனிக்கு உருட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். பென்சில் பிடிப்பதற்கும் இதே வேலைப் பிரிவினைதான் தேவை. குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று பாட்டியை முந்திக்கொண்டு அள்ளும் ஆசைதான் அவளை இத்தனை நேரம் உட்கார வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் காய்களாகக் குன்றிமணியை வைத்திருப்பதை மன்னிக்க முடியவில்லை. பார்க்க அழகுதான், கடித்தோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதற்குள் இருக்கிறது. பெட்டியில் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. அன்றே அதை அப்புறப்படுத்திவிட்டு, சமையலறையில் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகளை மாற்றினேன். அவையும் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

கோலப்பொடியாகத் தந்திருப்பது இடியாப்ப மாவைப் போல நைஸாக அரைத்த பச்சரிசி மாவு. விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுந்ததால், குழந்தை தன் கையைத்தான் குறை சொன்னாள். பச்சரிசியைச் சற்றே குருணையாக அரைத்துக் கொடுத்ததும் புள்ளிகள் விழுந்தன. மூன்று புள்ளிகளை இணைக்கும் கோடு இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

ஓலைக் காற்றாடி இந்த வயதுக்கு உரியதன்று. ஓலையின் விளிம்பு கையைக் கீறுகிறது, காற்றாடி சுழல நடுவில் செருகும் முள்ளை நான்தான் குத்த வேண்டியிருந்தது. செய்து கொடுத்த காற்றாடியோடு அவள் மாடியில் ஓடியது தனிக்கதை. பல்லாங்குழியைத் தனியாக விற்றால் அதை மட்டும் வாங்குங்கள்.